என் வண்டிக்கு என்ன பழுது என்று எனக்குச் சொல்லுங்கள்

மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

2022ஆம் ஆண்டு ஜூலை மாதம் உங்கள் துறை ‘பழுதுபார்க்கும் உரிமை’க்காக ஒரு குழு அமைத்தது. வேளாண் கருவிகள், கைப்பேசிகள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என்று நான்கையும் அந்தக் குழு கையிலெடுத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24ஆம் தேதி, தேசிய நுகர்வோர் தினத்தன்று, அதற்கென்று ஓர் இணையதளமும் திறந்தீர்கள். சொந்த வண்டியின் பானெட்டைத் திறந்து பார்க்கும் பழக்கம் உள்ள எனக்கு அன்று உண்மையிலேயே சந்தோஷம். ஆனால் அந்தத் தளத்தில் எந்தப் பழுதுபார்ப்புத் தகவலைத் தருவது, எதை மறைப்பது என்பதை நிறுவனங்களே முடிவு செய்கின்றன. தந்தே ஆகவேண்டும் என்ற சட்டம் வரவில்லை. ஒரு பொருளை எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்கலாம் என்று மதிப்பெண் தரும் பழுதுநீக்கக் குறியீட்டுக்காக 2024இல் இன்னொரு குழு போட்டீர்கள். அது கைப்பேசிக்கும் மின்னணுச் சாதனங்களுக்கும்தான். ஒரு நடுத்தரக் குடும்பம் வீட்டுக்கு அடுத்தபடியாக அதிகப் பணம் போட்டு வாங்கும் பொருள் கார். அது வரிசையில் பின்னால் போய்விட்டது. இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

கடந்த ஆண்டு மே மாதம் வால்பாறையில் அக்கா வீட்டு விசேஷம். முடிந்து அம்மாவையும் பிள்ளைகள் இருவரையும் ஏற்றிக்கொண்டு மலை இறங்கினேன். ஆழியாறு வரைக்கும் 40 கொண்டை ஊசி வளைவுகள். இருபத்திரண்டாவது வளைவில் ஸ்டீயரிங் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. அடுத்த நொடி ஸ்டீயரிங் கல்லாகிவிட்டது. பவர் ஸ்டீயரிங்கின் மோட்டார் உதவி நின்றால் சக்கரம் திரும்பாமல் போகாது. ஆனால் முழு எடையையும் தோளால் இழுத்துத் திருப்ப வேண்டும். எதிரே பஸ் வரும்போதெல்லாம் அம்மா முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒன்பதாவது வளைவில், கீழே ஆழியாறு அணை தெரியும் அந்த முனையில், வண்டியை ஓரம் கட்டி இறங்கியபோது என் கை இரண்டும் நடுங்கின. எப்படியோ கோவை வந்து சேர்ந்தோம்.

மறுநாள் காலை நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டருக்குப் போனேன். டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் அவர்களுடைய ஸ்கேனரைச் சொருகினார்கள். பத்து நிமிடத்தில் மதிப்பீடு வந்தது: ஸ்டீயரிங் காலம் அசெம்பிளியை, அதாவது ஸ்டீயரிங்கைத் தாங்கும் தண்டுப் பகுதியை, மோட்டாரோடு சேர்த்து மாற்ற வேண்டும், லேபரும் வரியும் சேர்த்து 46,800 ரூபாய். ஸ்கேனரில் என்ன எரர் கோடு, அதாவது வண்டியின் கணினி பதிவு செய்த பழுதுக் குறியீடு, வந்தது என்று கேட்டேன். “அதெல்லாம் கஸ்டமருக்குக் காட்ட மாட்டோம் மேடம், கம்பெனி ரூல்” என்றார் அட்வைசர். “சார் வரலீங்களா? அவர்கிட்டச் சொன்னாப் புரியும்” என்றும் கேட்டார். வண்டி என் பெயரில் இருக்கிறது. தவணை கட்டியதும் நான்தான்.

நான் ஏன் கேட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். என் அப்பா மில்லில் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய ராஜ்தூத் பைக்கைப் பிரித்து, சாக்கின் மேல் வரிசையாகப் பரப்பி வைப்பார். எந்த நட்டு எதற்கு என்று எனக்கும் தம்பிக்கும் பரீட்சை நடக்கும். “எடுத்ததும் ஸ்பேனரத் தூக்காத. மொதல்ல பாரு, அப்புறம் கேளு, கடசியாத்தான் கைய வெய்யி” என்பார். கார் வாங்கிய பிறகும் முதல் மூன்று வருடம் சர்வீஸ் சென்டரில்தான் விட்டேன். நான்காவது வருடம் ஒருநாள் ஏசியில் மக்கல் வாடை வந்தது. கிளவ் பாக்ஸின் இரண்டு பக்கத்தையும் உள்பக்கமாக அழுத்தினால் அது அப்படியே கீழே தொங்கும். பின்னால் ஏசி ஃபில்டர் இருக்கும். உருவிப் பார்த்தேன். வேப்பஞ்சருகு, ஒரு புறா இறகு, கறுத்துப்போன அழுக்கு. இரண்டு மாதத்துக்கு முந்தைய பில்லை எடுத்தேன். ‘ஏசி ஃபில்டர் மாற்றப்பட்டது’ என்று அச்சாகி, பணமும் வாங்கியிருந்தார்கள். கடையில் 350 ரூபாய்க்குப் புதியது வாங்கி ஐந்து நிமிடத்தில் நானே போட்டேன். அன்றிலிருந்து இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், வைப்பர், பல்பு, பேட்டரி எல்லாம் வீட்டு வாசலில் என் கையால்தான். ஒவ்வொன்றுக்கும் பில், தேதி, ஓடிய கிலோமீட்டர் எழுதிய நோட்டு இருக்கிறது.

எல்லாவற்றையும் நானே செய்துவிடுவேன் என்று சொல்லவில்லை. ஏர்பேக்கின் மஞ்சள் கனெக்டரைத் தொட மாட்டேன். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் யூனிட் பக்கம் போக மாட்டேன். டீசல் வண்டியின் காமன் ரெயில் குழாயில் எரிபொருள் ஆயிரம் பாருக்கும் மேலான அழுத்தத்தில் நிற்கிறது. அதன் ஊசித் தாரை தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அதில் கை வைக்கப் படித்தவர்கள் வேண்டும். வெறும் ஜாக்கை நம்பி வண்டிக்கு அடியில் தலையை நுழைக்கக் கூடாது என்பதும் எனக்குத் தெரியும். ஸ்டாண்ட் இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். நல்ல மெக்கானிக்கின் அருமை, சொந்தக் கையால் வேலை பார்ப்பவருக்குத்தான் அதிகம் தெரியும்.

அப்படி ஒருவரிடம்தான் அன்று போனேன். எங்கள் தெரு முனையில் முப்பது வருடமாகப் பட்டறை வைத்திருக்கும் அண்ணன். நடந்ததைக் கேட்டுவிட்டு, மதிப்பீட்டுத் தாளை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. “ஏங்கண்ணு, மழக்காலத்துல தண்ணில ஓட்டுனயா?” என்றார். ஓட்டியிருந்தேன், முந்தைய நவம்பரில் ஒரு பாலத்துக்கு அடியில் முழங்கால் தண்ணீரில். இன்ஜினை நிறுத்திவிட்டு ஹெட்லைட்டையும் ஏசி காற்றாடியையும் முழுதாகப் போடச் சொன்னார். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும், இன்னொன்றை பாடியின் சுத்தமான இரும்பிலும் வைத்தார். அந்த இரண்டுக்கும் நடுவில் மீட்டர் ஏறக்குறைய சுழியம் காட்ட வேண்டும். 1.2 வோல்ட் காட்டியது. பேட்டரி தட்டைக் கழற்றினார். அடியில், பேட்டரியின் மைனஸிலிருந்து வரும் எர்த் ஒயர் பாடியோடு சேரும் இடத்தில், 10 எம்எம் போல்ட்டைச் சுற்றிப் பச்சைக் களிம்பு பூத்துக் கிடந்தது, கோயில் குத்துவிளக்கின் அடியில் இருக்குமே, அப்படி. போல்ட்டைக் கழற்றி, ஒயரின் வளையத்தையும் பாடியின் இரும்பையும் உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்து, முறுக்கிவிட்டு, மேலே வாசலின் தடவினார். மீண்டும் மீட்டர் வைத்தார். 0.1 வோல்ட்.

“காலம் எல்லாம் போகல கண்ணு. கரண்டு போய்ச் சேரல, அவ்வளவுதான்” என்றார். பவர் ஸ்டீயரிங் மோட்டார் திரும்பும் நேரத்தில் வண்டியிலேயே அதிகமாகக் கரண்டு இழுக்கும் உறுப்புகளில் ஒன்று. எர்த் சரியில்லாவிட்டால் முதலில் அதுதான் படுக்கும். என்னிடம் 300 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

ஐயா, கதை இத்தோடு முடிந்திருந்தால் இந்த மடலே எழுதியிருக்க மாட்டேன். வண்டியைக் கிளப்பினோம். மஞ்சள் விளக்கு அணையவில்லை. ஸ்டீயரிங் கல்லாகவே இருந்தது. சில பழுதுகள் சரியானதும் விளக்கு தானாக அணைந்துவிடும். சிலவற்றுக்கு ஸ்கேனர் வழியே கட்டளை கொடுத்து, கணினியின் நினைவிலிருந்து அழிக்க வேண்டும். இது இரண்டாவது ரகம். என்னிடம் இருக்கும் சின்ன ஸ்கேனர் இன்ஜின் சம்பந்தப்பட்ட பொதுவான கோடுகளை மட்டும்தான் படிக்கும். புகை மாசு விதிகளுக்காக அவற்றை எல்லா நிறுவனங்களும் பொதுவில் வைத்தாக வேண்டும். ஸ்டீயரிங், ஏபிஎஸ், ஏர்பேக், கதவு, பூட்டு எல்லாம் அந்தந்த நிறுவனத்தின் தனி மொழி. அண்ணனின் பட்டறையில் நாற்பதாயிரம் கொடுத்து வாங்கிய பல பிராண்டு ஸ்கேனர் இருக்கிறது. அதில் இந்த மாடலின் ஸ்டீயரிங் பக்கம் திறக்கவில்லை.

திரும்ப சர்வீஸ் சென்டருக்குப் போனேன். எர்த்தைச் சரிசெய்தாயிற்று, எரர் கோடை அழித்து ஓட்டிப் பாருங்கள், அதற்கான கட்டணத்தைத் தருகிறேன் என்றேன். மறுத்துவிட்டார்கள். வெளியே கை வைத்த வண்டி, காலம் மாற்றினால்தான் அழிப்போம் என்றார்கள். நீட்டித்த வாரண்டி பற்றிக் கேட்டதற்கு, நான்கு வருடமாக ஆயில் வெளியில் மாற்றியிருக்கிறீர்கள், அதனால் இனி எதற்கும் வராது என்றார்கள். ஆயிலுக்கும் ஸ்டீயரிங்குக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நோட்டை நீட்டினேன். புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பதினோரு நாள் வண்டி வாசலில் நின்றது. கடைசியில் அண்ணன் யாரிடமோ விசாரித்து, வேறோர் ஊரில் ஒரு பையனிடம் அனுப்பினார். லேப்டாப்பும் ஒரு கேபிளும் வைத்திருந்தான். ஐந்து நிமிடம். திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினான். பதிவாகியிருந்த பழுது ஒரே வரி: மின்வழங்கலின் அழுத்தம் குறைவு. அழிக்கும் கட்டளையைக் கொடுத்தான். விளக்கு அணைந்தது. ஸ்டீயரிங்கை ஒரு விரலால் திருப்பினேன். அதே காலம், அதே மோட்டார். அதற்குப் பிறகு ஆறாயிரம் கிலோமீட்டர் ஓடிவிட்டது. வால்பாறைக்கும் இரண்டு தடவை போய் வந்தாயிற்று.

அந்த ஒரு வரி முதல் நாளே சர்வீஸ் சென்டரின் திரையில் இருந்தது. காலம் கெட்டுவிட்டது என்று அதில் இல்லை. வோல்ட் குறைவு என்றுதான் இருந்தது. அதை என்னிடம் காட்டியிருந்தால் அன்றே எர்த் ஒயரைத் தேடியிருப்பேன். காட்டாமல் 46,800 ரூபாய்க்குத் தாள் நீட்டினார்கள். பெரும்பாலானவர்கள் அந்தப் பணத்தைக் கட்டியிருப்பார்கள். கட்டியிருந்தாலும், களிம்பு பிடித்த எர்த் அப்படியே கிடக்க, சில மாதத்தில் புதிய காலமும் அதே விளக்கைப் போட்டிருக்கும், ஒருவேளை அதே மலையில்.

அந்தப் பையனிடம் இருந்த மென்பொருள் முறையாக வாங்கியதா என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. இது என்னை வருத்துகிறது. அவன் ஐடிஐயில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு படித்தவன். அரசு இரண்டு வருடம் சொல்லிக் கொடுத்து, சான்றிதழும் கொடுத்து வெளியே அனுப்புகிறது. வெளியே வந்தால் ஒரு வண்டியின் ஒயரிங் படம்கூட அவனால் காசு கொடுத்து வாங்க முடியாது. திறமை இருப்பவனைப் பின்வாசல் வழியாகப் போகும்படி வைத்திருக்கிறோம். சங்ககிரியில் லாரிகளையும், புதுப்பேட்டையில் பழைய கார்களையும் பிரித்துச் சேர்க்கும் கைகள் உள்ள மாநிலம் இது. அந்தக் கைகளுக்கு அறிவு போதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அவர்கள் கண்ணுக்கு முன்னால் ஒரு பெட்டியைப் பூட்டி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இது புதிதாகக் கண்டுபிடித்த குறை இல்லை. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25ஆம் தேதி 14 கார் நிறுவனங்களுக்கு எதிராக ஆணை பிறப்பித்தது, மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதமும் விதித்தது. உதிரி பாகங்களும் பழுதறியும் கருவிகளும் வெளிச்சந்தையில் கிடைக்க வேண்டும் என்று அந்த ஆணை சொன்னது. வெளிப் பட்டறையில் வண்டியைப் பழுதுபார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை மொத்தமாக ரத்து செய்யக் கூடாது. தவறான வேலையால் சேதம் ஏற்பட்டிருந்தால் அந்தச் சேதத்தின் அளவுக்கு மட்டும் மறுக்கலாம் என்றும் சொன்னது. என்னிடம் சர்வீஸ் சென்டரில் சொன்ன ஒவ்வொரு வாசகத்துக்கும் அதில் பதில் இருக்கிறது. அந்த ஆணை மேல்முறையீடு, உயர்நீதிமன்றம் என்று அலைந்துகொண்டிருக்க, கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. நான் அச்செடுத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். “இதெல்லாம் எங்களுக்கு வரல மேடம்” என்றார்.

பாதுகாப்பு கெட்டுவிடும் என்று நிறுவனங்கள் சொல்வது உங்கள் காதுக்கும் வந்திருக்கும். ஏர்பேக்கிலும் பிரேக்கிலும் அந்தக் கவலை நியாயமானது, ஒத்துக்கொள்கிறேன். வண்டித் திருட்டைத் தடுக்க, சாவியையும், சரியான சாவி இல்லாமல் இன்ஜினைக் கிளம்பவிடாத இம்மொபிலைசரையும் நிரல் செய்யும் வசதியைக் கண்டவரிடம் தரக் கூடாது என்பதும் சரி. ஆனால் எரர் கோடைப் படித்துக் காட்டுவதில் என்ன ஆபத்து? ரத்தப் பரிசோதனை முடிவை நோயாளியின் கையில் கொடுக்கிறோம். அதை வைத்து அவர் தனக்குத்தானே அறுவை சிகிச்சை செய்துகொள்வதில்லை. எந்த மருத்துவரிடம் போவது என்று முடிவு செய்கிறார். அன்று மலையில் என் குடும்பத்தை ஆபத்தில் வைத்தது களிம்பு பிடித்த ஒரு போல்ட். அதைக் கண்டுபிடிக்கவிடாமல் தடுத்தது இந்த ரகசியம். தகவலை மூடி வைப்பதால் வண்டி பாதுகாப்பாகிறது என்று சொல்பவர்கள் அந்த இருபத்திரண்டாவது வளைவில் என் இருக்கையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

வால்பாறையில் டாக்சி ஓட்டும் என் அக்கா மகனின் நிலைமை இன்னும் மோசம். ஏபிஎஸ் விளக்கு எரிந்தால்கூட அதை அணைக்க 64 கிலோமீட்டர் இறங்கிப் பொள்ளாச்சிக்கு வரவேண்டும். சக்கரத்தின் சென்சாரில் சேறு ஒட்டியிருந்தது என்பதுதான் பலமுறை காரணம். துடைத்தால் போதும். அதைத் தெரிந்துகொள்ள ஒரு நாள் வருமானமும் நாற்பது வளைவுக்குப் போகவர டீசலும் செலவு.

மற்ற நாடுகள் இதைச் செய்துவிட்டன. ஐரோப்பிய ஒன்றியம் 2007ஆம் ஆண்டு விதிமுறையிலேயே பழுதுபார்ப்புத் தகவலை வெளிப் பட்டறைகளுக்குத் தரவேண்டும் என்று கட்டாயமாக்கியது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012இல் சட்டம் போட்டது. ஆஸ்திரேலியாவில் 2022 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நம் ஊரில் வண்டி விற்கும் அதே நிறுவனங்கள் சில, அங்கே மணிக்கணக்குக்கும் நாள்கணக்குக்கும் கட்டணம் வாங்கிக்கொண்டு சர்வீஸ் மேனுவலையும் ஒயரிங் படத்தையும் இணையத்தில் தருகின்றன. நானும் இலவசமாகக் கேட்கவில்லை. நியாயமான கட்டணம் சொன்னால் கட்டிவிட்டுப் படிப்பேன்.

ஆகவே கேட்கிறேன்.

முதலாவதாக, எந்த சர்வீஸ் சென்டரிலும் வண்டியில் ஸ்கேனரைச் சொருகினால், அது படித்த எரர் கோடுகளையும் அவற்றின் விளக்கத்தையும் அச்சிட்டு உரிமையாளரின் கையில் கொடுப்பதைக் கட்டாயமாக்குங்கள். மதிப்பீட்டுத் தாளோடு அதுவும் வரவேண்டும். இதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டாம். அவர்களுடைய இயந்திரத்திலேயே அச்சிடும் வசதி இருக்கிறது. மற்றவற்றுக்குக் காலம் பிடிக்கும் என்றால் இதை மட்டுமாவது இந்த ஆண்டே செய்யுங்கள்.

பழுதைச் சரிசெய்த பிறகு எரர் கோடை அழிக்கக் கேட்டால், எங்கே சரிசெய்தது என்று பார்க்காமல், அறிவிக்கப்பட்ட கட்டணத்துக்கு சர்வீஸ் சென்டர் அந்த வேலையைச் செய்து தர வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரவேண்டும்.

சர்வீஸ் மேனுவல், ஒயரிங் படம், பழுதறியும் மென்பொருள் மூன்றும் உரிமையாளருக்கும் வெளிப் பட்டறைக்கும் கட்டணத்துக்குக் கிடைக்கச் சட்டம் கொண்டுவாருங்கள். வண்டி விற்பனையை நிறுத்திய பிறகும் குறைந்தது 15 வருடத்துக்கு அவை கிடைக்க வேண்டும். சாவி, இம்மொபிலைசர் போன்றவற்றை, பதிவு செய்து ஆதாரம் காட்டும் பட்டறைகளுக்கு மட்டும் தந்தால் போதும். ஐடிஐ முடித்து வரும் பிள்ளைகளுக்கு அந்தப் பதிவில் முன்னுரிமை கொடுங்கள். பயிற்சி மையங்களுக்கு அதே மென்பொருளை இலவசமாகத் தரச் சொல்லுங்கள்.

வாரண்டி பற்றிப் போட்டி ஆணையம் 2014இல் சொன்னதை நீங்களே நுகர்வோர் விதியாக அறிவித்து, ஒவ்வொரு சர்வீஸ் சென்டரின் கவுண்டரிலும் அந்தந்த மாநில மொழியில் பலகையாக மாட்ட வைக்க வேண்டும். ஆயில் மாற்றியதற்கும் கெட்டுப்போன உறுப்புக்கும் தொடர்பு இருக்கிறது என்று நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது என்பதும் அதில் இருக்க வேண்டும். தேதியும் பில்லும் ஒட்டிய என்னுடையது போன்ற நோட்டு, சர்வீஸ் வரலாறாக ஏற்கப்பட வேண்டும்.

பழுதுநீக்கக் குறியீட்டில் வாகனங்களை எப்போது சேர்க்கப் போகிறீர்கள் என்ற தேதியை அறிவியுங்கள். அதை முடிவு செய்யும் குழுவில் நிறுவனங்களின் பிரதிநிதிகளோடு, சொந்தமாகப் பட்டறை நடத்தும் மெக்கானிக்குகளும் உட்கார வேண்டும். எர்த் ஒயரில் இருக்கும் களிம்பை வாசனையிலேயே கண்டுபிடிக்கும் எங்கள் தெரு அண்ணனைப் போன்றவர்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். கூப்பிட்டால் வருவார்கள்.

மதிப்பீட்டுத் தாள், ஆயில் நோட்டு, கோடு அழித்த திரையின் படம் மூன்றின் நகலையும் வைத்திருக்கிறேன். கேட்டால் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
கார் உரிமையாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்